புதிய விசைப்பலகை மாட்டியாயிற்று, வெளிச்சம் வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து வரும் அப்பா பகலில் தூங்குகிறார். திரைச்சீலையை இழுத்துவிட்ட அதே அறையில் மகள் இடுபணி தட்டச்சு செய்கிறாள். அடுக்குமாடி வீட்டில் வேறு இடம் ஏது? "விளக்கைப் போடாதே" என்ற சண்டைதான் இங்கே பல வீடுகளில் மடிக்கணினிக்கு, விசைகளுக்கு அடியில் விளக்குள்ள ஒளிரும் விசைப்பலகையை வாங்க வைக்கிறது. இணையத்தில் வாங்கி, காணொளி பார்த்து, தாங்களே மாட்டி, ஏதோ ஒன்று சரியாக வராமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிறையில் உள்ள என் சாப்பாட்டு மேசைக்கு எடுத்து வருவார்கள். வருகிற கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். ஆகவே எழுதி வைக்கிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்க்கொள்ளுங்கள். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லாரும் படியுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

மடிக்கணினியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரியின் கனெக்டரைக் கழற்றுவது. மின்சாரம் இருக்கும்போது, விசைப்பலகையை மதர்போர்டோடு இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிளைச் செருகினால், விளக்குக்கு மின்சாரம் போகும் பாதையில் இருக்கும் ஃபியூஸ் போய்விடக்கூடும். அது கடுகளவுகூட இருக்காது. அதை மாற்றும் கூலி விசைப்பலகையின் விலையைத் தாண்டிவிடும். டி480 போன்ற லெனோவோ திங்பேட்களில் மூடியைத் திறக்கும் முன்பே பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) போய் உள்பேட்டரியை முடக்கிவைக்கலாம். பிறகு சார்ஜரைச் செருகினால் அது தானாக உயிர்பெற்றுவிடும்.

திருகாணிகளைக் கிண்ணத்தில் அள்ளிப் போடாதீர்கள். ஓர் அட்டையில் மடிக்கணினியின் வடிவத்தை வரைந்து, எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். ஏன் என்பது கடைசிக்கு முந்தைய அறிகுறியில் தெரியும்.

ரிப்பன்களைக் கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். புதியதை மாட்டியதும் உடனே திருகாணிகளை முடுக்க வேண்டாம். ரிப்பன்களைச் செருகி, விசைப்பலகையை அதன் இடத்தில் சும்மா படுக்கவைத்து, பேட்டரியை மாட்டி ஒருமுறை இயக்கிப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் மீண்டும் அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு முடுக்குங்கள்.

## பழைய விசைப்பலகை கழன்றே வரவில்லை

திருகாணி மிச்சம் இருக்கிறதா? அடிமூடியில் சின்னதாக விசைப்பலகைப் படம் குறித்திருக்கும் திருகாணிகளைத் தேடுங்கள். 2012இல் வந்த திங்பேட் எக்ஸ்230இல் அவற்றைக் கழற்றிவிட்டு, விசைப்பலகையைத் திரைப் பக்கம் சற்றுத் தள்ளினால் முன்விளிம்பு எழும்பிவிடும். வேறு மாடல்களில் ரப்பர் பாதங்களுக்கு அடியிலும் திருகாணி ஒளிந்திருக்கும்.

திருகாணி எல்லாம் போயும் வரவில்லையா? மேல்விளிம்பில் பிளாஸ்டிக் கொக்கிகள் இருக்கும். பழைய டச் அண்ட் கோ அட்டை (சுங்கச்சாவடியில் காட்டும் பிளாஸ்டிக் அட்டை) ஒன்றை விளிம்பில் நுழைத்து மெல்ல நகர்த்துங்கள். கத்தி வேண்டாம், கொக்கிக்குப் பதில் மேல்மூடி கீறிப்போகும்.

கொக்கியும் இல்லையா? உள்பக்கம் பாருங்கள். கறுப்புப் பொட்டு வைத்தாற்போல் டசன் கணக்கில் உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் தலைகள் தெரிந்தால், அது மேல்மூடியோடு பிணைத்த விசைப்பலகை. இந்த வகையில் விசைப்பலகையை மட்டும் மாற்ற நினைக்காதீர்கள். நான் ஒருமுறை வீம்புக்கு அத்தனை தலைகளையும் சுரண்டி எடுத்து, புதியதை வைத்துச் சூட்டுக்கோலால் மீண்டும் உருக்கி ஒட்டினேன். இரண்டு மணி நேர வேலை. அழுத்தும்போதெல்லாம் நடுப்பகுதி மெத்தைபோல் அமுங்கியது. மேல்மூடியோடு சேர்த்து விசைப்பலகை கிடைக்கும், அதை வாங்குங்கள். மதர்போர்டு, விசிறி, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டியிருக்கும். இதுவே உங்கள் முதல் முயற்சி என்றால் கடையில் கொடுத்துவிடுவது மேல்.

## விசைகள் வேலை செய்கின்றன, வெளிச்சம் மட்டும் இல்லை

என் மேசைக்கு வருவதில் பெரும்பங்கு இதுதான். மலிவான காரணத்திலிருந்து தொடங்குவோம்.

விளக்கைப் போட்டீர்களா? சிரிக்காதீர்கள். ஜெலுத்தோங்கிலிருந்து பாலம் தாண்டி வந்த ஒருவருக்கு இரண்டு விசையை அழுத்தித்தான் பழுது நீக்கினேன். திங்பேடில் எஃப்என் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்த வேண்டும்: ஒருமுறை அழுத்தினால் மங்கல், இன்னொருமுறை பிரகாசம், மூன்றாம் முறை அணைந்துவிடும். எச்பியில் மாடலைப் பொறுத்து எஃப்4, எஃப்5, எஃப்9. டெல்லில் பல மாடல்களில் எஃப்5 அல்லது எஃப்10. கதிர் விரியும் சிறு படம் எந்த விசையில் இருக்கிறது என்று புதிய விசைப்பலகையிலேயே பாருங்கள். பட்டப்பகலில் சோதிக்காதீர்கள், ஒரு துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு பாருங்கள்.

பயாஸில் அணைத்து வைத்திருக்கிறதா? அலுவலகத்திலிருந்து ஏலத்தில் வந்த மடிக்கணினிகளில் இது உண்டு. பயாஸுக்குள் விசைப்பலகை விளக்கு என்ற வரியைத் தேடி, முடக்கப்பட்டிருந்தால் இயக்குங்கள். அந்த வரியே இல்லை என்றால் மனம் தளர வேண்டாம். சில மாடல்களில் ஒளிரும் விசைப்பலகை மாட்டப்பட்டிருப்பதை உணர்ந்த பிறகுதான் அது தோன்றும். அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, மின்விசையை (பவர் பட்டன்) முப்பது வினாடி அழுத்திப் பிடித்து, பிறகு இயக்கிப் பாருங்கள்.

சின்ன ரிப்பன் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? பெரும்பாலான ஒளிரும் விசைப்பலகைகளில் ரிப்பன் இரண்டு. அகலமானது விசைகளுக்கு; விரல் நகத்தைவிடக் குறுகிய, பெரும்பாலும் நான்கு கோடுகள் கொண்ட மற்றொன்று விளக்குக்கு. காணொளி பார்த்துச் செய்பவர்கள் கோட்டைவிடும் இடம் இந்தக் குறுகிய ரிப்பன்தான். கனெக்டரில் ரிப்பனை இறுக்கிப் பிடிக்கும் சின்னத் தாழைத் திறக்காமலே அதைத் திணித்திருப்பார்கள்.

தாழில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கதவு மாதிரி நிமிர்த்தித் திறப்பது. மற்றொன்று, இருபுறமும் காதைப் பிடித்து ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுப்பது. எது என்று தெரியாமல் நெம்பினால் உடைந்துவிடும். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். கனெக்டரை விட வேறு நிறத்தில் இருக்கும் பகுதிதான் அசைவது. நகத்தால் திறங்கள். ரிப்பனை நுனியில் பிடிக்காமல் சற்றுத் தள்ளிப் பிடித்து நேராக உள்ளே விடுங்கள். பல ரிப்பன்களில் குறுக்கே வெள்ளைக்கோடு ஒன்று அச்சிட்டிருக்கும். அது கனெக்டரின் விளிம்போடு இணையாக இருந்தால் சரி, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் கழற்றி மீண்டும் செருகுங்கள். பிறகு தாழைப் போட்டு, ரிப்பனை மிக லேசாக இழுத்துப் பாருங்கள். வரக் கூடாது. வந்தால் தாழ் விழவில்லை என்று பொருள்.

தாழ் உடைந்துபோயிருந்தால், ரிப்பனின் முதுகில் மெல்லிய கேப்டான் டேப் (சூடு தாங்கும் மஞ்சள் நிற ஒட்டுநாடா) ஒரு துண்டு ஒட்டித் தடிமனாக்கிச் செருகினால் பிடித்துக்கொள்ளும். அழகாக இருக்காது, ஆனால் நான் அப்படிச் செய்துகொடுத்தவை இன்னும் ஓடுகின்றன.

அந்த ரிப்பனுக்குக் கனெக்டரே இல்லையா? மதர்போர்டில் ரிப்பன் போய்ச் சேர வேண்டிய இடத்தில் வெறும் ஈயப் புள்ளிகள் வரிசையாக இருந்தால், உங்கள் மாடலுக்கு ஆலையிலேயே அந்தப் பாகத்தை வைக்கவில்லை. விலை குறைந்த மாடல்களில் இது சாதாரணம். கனெக்டரை வாங்கி ஒட்டிவிடலாமே என்று தோன்றும். அதைச் சுற்றியுள்ள சின்னச்சின்னப் பாகங்களும் இருக்காது என்பதால், கனெக்டரை மட்டும் ஒட்டுவதில் பெரும்பாலும் பயனில்லை. விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள். முடியாவிட்டால் விசைப்பலகையாகவே பயன்படுத்துங்கள். விளக்குக்கு யூஎஸ்பியில் செருகும் வளைகழுத்து விளக்கு ஒன்று போதும்.

இதனால்தான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: விசைப்பலகைக்குப் பணம் கட்டும் முன் மடிக்கணினியைத் திறந்து கனெக்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. என் அண்ணன் மகன் பார்க்காமல் 110 ரிங்கிட் கொடுத்தான். திறந்து பார்த்துவிட்டு, "மாட்டுக்கு முன்னால் வண்டியைக் கட்டிவிட்டேன், சித்தப்பா" என்றான்.

கனெக்டர் இருக்கிறது, ரிப்பனும் சரி, இன்னும் இருட்டு. இப்போது இரண்டே சந்தேகம்: புதிய விசைப்பலகை, அல்லது மதர்போர்டு. அதே மாடல் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவருடைய கணினியில் விசைப்பலகையை மாட்டிப் பாருங்கள். அங்கே எரிந்தால் குறை உங்கள் மதர்போர்டில். எரியாவிட்டால் விசைப்பலகையைத் திருப்பி அனுப்புங்கள். வாங்கும்போதே விளக்கில்லாததை அனுப்பிவிடுவதும் நடக்கிறது. எழுத்துகள் ஒளி ஊடுருவும்படி இருக்கின்றனவா என்று கைப்பேசி விளக்கை விசைக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். குறுகிய ரிப்பனே இல்லையென்றால் சோதிக்கவும் தேவையில்லை.

இங்கே நிறுத்துங்கள்: குறை மதர்போர்டில் என்று உறுதியானால் மேற்கொண்டு தோண்டாதீர்கள். ஃபியூஸ் அல்லது விளக்கை இயக்கும் பாகம் போயிருக்கும். நுண்ணோக்கியும் சூடான காற்று ஊதும் கருவியும் வைத்து மதர்போர்டு வேலை செய்பவரிடம்தான் போக வேண்டும். பினாங்கில் கொம்தார் பக்கமும், கோலாலம்பூர் என்றால் லோ யாட் பிளாசாவிலும் விசாரித்தால் ஆள் கிடைப்பார். "மதர்போர்டையே மாற்ற வேண்டும்" என்று எடுத்த எடுப்பில் சொல்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். விளக்குக்காக மதர்போர்டை மாற்றுவது, கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது.

## வெளிச்சம் வருகிறது, சில வினாடிகளில் அணைகிறது

விசையைத் தொட்டதும் மீண்டும் எரிகிறதா? அப்படியானால் பழுதே இல்லை. தானாக அணையும் நேரத்தைப் பயாஸிலோ, தயாரிப்பாளரின் மென்பொருளிலோ மாற்றிக்கொள்ளலாம். டெல்லில் பல மாடல்களுக்குச் சார்ஜரில் ஒரு நேரம், பேட்டரியில் ஒரு நேரம் என்று தனித்தனியாக வைக்கலாம்.

தொட்டும் எரியாமல், திரையை அசைத்தால் அல்லது மேல்மூடியை அழுத்தினால் மட்டும் எரிந்து அணைகிறதா? குறுகிய ரிப்பன் சரியாக உட்காரவில்லை. மேலே சொன்னபடி மீண்டும் செருகுங்கள்.

## சில விசைகள் மட்டும் எழுத மறுக்கின்றன

முதலில் எந்தெந்த விசைகள் என்று ஒரு தாளில் குறியுங்கள். விண்டோஸில் கண்ட்ரோல், விண்டோஸ், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு விசைப்பலகை வரும். ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்; எது திரையில் நிறம் மாறவில்லையோ அது குறிப்புக்குப் போகட்டும்.

ஆங்கிலத்தில் இரண்டு வரி அடித்துப் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று மூடிவிடாதீர்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மாட்டிக்கொடுத்தேன். மறுநாள் அழைத்தார்: "தம்பி, எல்லா எழுத்தும் வருகிறது, தமிழ் மட்டும் வரவில்லை." புரியவில்லை. நேரில் போய்ப் பார்த்தால், அவர் முரசு அஞ்சல் முறையில், அதாவது ஆங்கில ஒலிப்பை வைத்துத் தமிழ் தட்டச்சு செய்பவர். அதில் ழகரத்துக்கு இசட் விசை. அந்த ஒரு விசைதான் செத்திருந்தது. ஆங்கிலத்தில் யாரும் தொடாத விசை. தமிழில் அது இல்லாமல் தமிழ் என்றே எழுத முடியாது.

ஒரே ஒரு விசையா? அந்த விசையின் மூடிக்குக் கீழே குப்பையோ, கொக்கி விலகலோ. பெரிய விசைகளான ஷிஃப்ட், என்டர், ஸ்பேஸ் பார் ஆகியவற்றில் கீழே மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அது இடம் மாறியிருந்தால் ஒரு முனை மட்டும் அமுங்கும். மூடியை மெதுவாக நெம்பிக் கம்பியை அதன் கொக்கியில் மாட்டுங்கள். சாதாரண விசைதான், சுத்தம் செய்தும் எழுதவில்லை என்றால் விசைப்பலகையே பழுது. ஆசிரியையினுடையது அந்த வகை, விற்றவர் மாற்றிக்கொடுத்தார்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கைந்து விசைகளா? அகலமான ரிப்பன். அதைக் கழற்றி, செப்புக் கோடுகளில் கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டு மீண்டும் செருகுங்கள். ரிப்பனில் மடிப்புக் கோடு கத்தி வைத்தாற்போல் கூர்மையாக இருந்தால் உள்ளே கோடு அறுந்திருக்கும். அதற்கு வைத்தியம் இல்லை.

விசை எழுதுகிறது, ஆனால் வேறு குறி வருகிறதா? நம் நாட்டில் விற்கும் மடிக்கணினிகள் அமெரிக்க அமைப்பில் வருபவை. என்டர் விசை இரண்டு வரி உயரத்துக்குத் தலைகீழ் 'ட' போல் நின்றால், உங்களுக்கு வந்தது பிரிட்டன் அமைப்பு. ஷிஃப்டோடு 2ஐ அழுத்தினால் மேற்கோள் குறி வரும் என்று விசை காட்டும், திரையில் மின்னஞ்சல் குறி வரும். விண்டோஸில் மொழி அமைப்பை மாற்றினால் தீர்ந்தது.

## தானாகவே எழுத்து ஓடுகிறது

பெரும்பாலும் திருகாணியை அளவுக்கு மீறி முடுக்கியதுதான். விசைப்பலகை வில்லாக வளைந்து, அமுங்கிய நிலையிலேயே ஒரு விசை நிற்கும். எல்லாத் திருகாணிகளையும் அரைச்சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். நின்றால் காரணம் அதுவே. நிற்காவிட்டால் அகலமான ரிப்பன் கோணலாக உட்கார்ந்திருக்கும். அதுவும் இல்லையா, விசைப்பலகையைத் திருப்பிக் கொடுங்கள்.

## வெளிச்சம் திட்டுத்திட்டாக இருக்கிறது

விசைகளின் ஓரத்தில் மட்டும் ஒளி வழிந்து எழுத்துகள் இருட்டாக இருந்தால், மேலே ஏதாவது ஒட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். தமிழ் எழுத்து ஒட்டிகள் பல ஒளியைத் தடுப்பவை. ஒளி ஊடுருவும் ஒட்டி தனியாகக் கிடைக்கிறது. சிலிக்கோன் உறையும் வெளிச்சத்தைப் பாதியாக்கிவிடும்.

ஒரு பக்கம் முழுவதும் இருட்டு என்றால் உள்ளே விளக்கு வரிசையில் ஒரு பகுதி எரியவில்லை. வீட்டில் சரிசெய்யும் விஷயம் இல்லை. விசைப்பலகையைப் பிரித்து ஒளித்தாளை எடுத்துப் பார்க்கலாம் என்று ஆசை வரும். பிரித்தால் திருப்பிக் கொடுக்க முடியாது.

## மடிக்கணினி இயங்கவே இல்லை

பதற வேண்டாம். பேட்டரி கனெக்டரைத் திரும்ப மாட்டினீர்களா? அடுத்து, சில மாடல்களில் மின்விசை விசைப்பலகையிலேயே இருக்கும். அகலமான ரிப்பன் சரியாக இல்லை என்றால் மின்விசையும் வேலை செய்யாது. வேறு மாடல்களில் மின்விசைக்கும் தொடுதளத்துக்கும் (டச்பேட்) தனி ரிப்பன்கள் மேல்மூடியிலிருந்து வரும். வேலையின்போது இடித்துக் கழன்றிருக்கலாம்.

விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பா? ஒரு நிமிடம் காத்திருங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு முதல் முறை சில கணினிகள் தாமதமாகத்தான் எழும். எழாவிட்டால் நினைவகத்தை (ரேம்) கழற்றி மீண்டும் அழுத்தி மாட்டுங்கள்.

இதையெல்லாம் செய்தும் உயிர் இல்லை, அல்லது கருகிய வாசம் வருகிறது என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். "இன்னும் ஒரே ஒரு முறை" என்று மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் சின்னச் செலவைப் பெரிய செலவாக்கும்.

## மேல்மூடி ஓர் இடத்தில் புடைத்திருக்கிறது

சின்னப் பரு போலவா? நீளத் திருகாணி குட்டைத் துளையில் போய்விட்டது. இதற்குத்தான் அட்டையில் குத்தி வைக்கச் சொன்னேன். 3 மில்லிமீட்டர் போக வேண்டிய இடத்தில் 8 மில்லிமீட்டர் போனால் மேல்மூடியைத் துளைக்கும். அதிர்ஷ்டம் கெட்டிருந்தால் மதர்போர்டைத் துளைக்கும். இயக்காமல் உடனே கழற்றுங்கள்.

தொடுதளமே மேலெழுந்து, அழுத்தினால் சொடுக்காமல் இருக்கிறதா? பேட்டரியைப் பாருங்கள். தட்டையாக இல்லாமல் தலையணைபோல் உப்பியிருந்தால் விசைப்பலகை வேலையை அப்படியே விட்டுவிடுங்கள். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், மூடியைப் பலவந்தமாக மூடாதீர்கள், சார்ஜ் ஏற்றாதீர்கள். பேட்டரியை மாற்றித் தருபவரிடம் கொடுங்கள். பழையதை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

## உள்ளே பிசுபிசுப்பு, எறும்பு

பழைய விசைப்பலகையைத் தூக்கியதும் அடியில் சர்க்கரைப் பாகு காய்ந்த மினுமினுப்பும், அதில் ஒட்டிச் செத்த எறும்புகளும் தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள். தே தாரேக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) சாய்ந்ததை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் கேட்டபோதும் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

கறை விசைப்பலகையின் அடித்தகட்டோடு நின்றிருந்தால் புதியதை மாட்டலாம். மதர்போர்டு வரை இறங்கி, கனெக்டர்களின் கால்களில் பச்சை படிந்திருந்தால் புதியதை மாட்டாதீர்கள். மாட்டினால் அதுவும் போகும். மதர்போர்டைக் கழற்றிக் கழுவித் தருபவரிடம் முதலில் கொடுத்து, கழுவி வந்த பிறகு பழைய விசைப்பலகையையே ஒரு வாரம் மாட்டி ஓட்டிப் பாருங்கள். விசை ஒழுங்காக எழுதாவிட்டாலும் பரவாயில்லை, யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தடங்கலின்றி ஓடினால் ஒளிரும் விசைப்பலகையின் பெட்டியைத் திறக்கலாம்.